முந்திரிப் பருப்பை எப்ப எடை போடுவாங்க? ஒரு ஜர்னலுக்கு கட்டுரை அனுப்பின கதை

எங்க டிபார்ட்மென்ட்ல புதுசா பிஎச்டி சேர்ந்திருக்கிற பொண்ணு ஒண்ணு போன வாரம் வந்து "அக்கா, எந்த ஜர்னல்ல சீக்கிரம் போடுவாங்க"ன்னு கேட்டுச்சு. சீக்கிரம்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு, அதுகிட்ட அரை மணி நேரம் பேசினதைத்தான் இங்கயும் எழுதறேன். நான் கடலூர்ல ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரர். பார்ட் டைம்ல பிஎச்டி முடிச்சவ. தலைப்பு பண்ருட்டி பக்கம் வீட்டுல உக்காந்து முந்திரிக்கொட்டை உடைக்கிற பொம்பளைங்களோட கூலி. எந்த ஊருன்னு சொல்லல, ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல நான் ஏமாந்த கதை. அப்ப இருந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2016 விதிப்படி தீசிஸ் சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ரெஃபரீட் ஜர்னல்ல, அதாவது ரிவ்யூவர்னு அந்தத் துறை தெரிஞ்ச வேற ஆளுங்க படிச்சுப் பாத்து சொன்னப்புறம் போடற ஆய்விதழ்ல, ஒரு கட்டுரையாவது வந்திருக்கணும், கான்ஃபரன்ஸ்ல ரெண்டு பேப்பர் படிச்சிருக்கணும். கான்ஃபரன்ஸ் சுலபம், சர்டிஃபிகேட்டும் சாம்பார் சாதமும் உண்டு. ஜர்னல்தான் இடிச்சுது. 2017-ல ஒரு ராத்திரி 11 மணிக்கு மெயில் ஒண்ணு வந்துச்சு, என்னைப் பேராசிரியர்னு கூப்பிட்டு உங்க அரிய ஆய்வை அனுப்புங்கன்னு. பேராசிரியர்னு என்னைக் கூப்பிட்டது உலகத்துலயே அவங்க மட்டும்தான். அனுப்பினேன், ரெண்டே நாள்ல அக்செப்ட் ஆயிடுச்சு, 2,500 ரூபா கட்டச் சொன்னாங்க, கட்டினேன். ரிவ்யூவர் கமென்ட்டுன்னு ஒரே ஒரு வரி, கட்டுரை நல்லா இருக்கு, இலக்கணம் பாத்துக்கோங்கன்னு. பிரிண்ட் ஆகி வந்ததைப் பாத்தப்பதான் வயித்தைக் கலக்குச்சு. மூணாவது டேபிள்ல ஒரு கட்டத்துல நம்பருக்குப் பதிலா "இங்க நம்பர் போடணும், நாளைக்கு கேக்கணும்"னு நான் எனக்காக எழுதி வச்சிருந்தது அப்படியே இருக்கு. மஞ்சள் கலரோட. எடிட்டர் படிக்கல, ரிவ்யூவர் படிக்கல, நானும் ஒழுங்கா படிக்கல, ஆனா வால்யூம் நம்பரும் ஐஎஸ்எஸ்என் நம்பரும் மட்டும் பளிச்சுன்னு இருக்கு.

அடுத்த வருஷம் மே மாசம் யுஜிசி தன்னோட அங்கீகரிச்ச லிஸ்ட்லேர்ந்து 4,305 ஜர்னலை ஒரே அடியா தூக்குச்சு. அதுல நான் காசு கட்டினதும் ஒண்ணு. ஆறு மாசத்துல வெப்சைட்டும் காணோம். எங்க கைடு சார் நல்லவருதான், ஆனா "விடும்மா, இன்னொரு எடத்துல கட்டி முடிச்சிடு"ன்னாரு. எனக்கு மனசு வரல. நியாயம் நேர்மைன்னு பெருசா ஒண்ணும் இல்ல, இன்னொரு 2,500 இல்ல, அவ்ளோதான்.

சரி, போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேப்பீங்க. ஐஎஸ்எஸ்என் இருந்தா ஒரிஜினல்னு நம்மாளுங்க நிறைய பேரு நெனைக்கிறாங்க, அது வெறும் எட்டு இலக்க அடையாள எண், வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி, பிளேட் இருக்கிறதால வண்டிக்கு பிரேக் இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஐஎஸ்எஸ்என்-க்குன்னு ஒரு போர்ட்டல் இருக்கு, அதுல நம்பரைப் போட்டா அது வேற எந்தப் பத்திரிகையோட நம்பராவது திருடினதான்னு தெரிஞ்சிடும், அந்த அளவுக்குத்தான் அது உதவும். நான் பாக்கிறது வேற. எடிட்டோரியல் போர்டுல இருக்கிற ஒருத்தரோட காலேஜ் பக்கத்துக்குப் போயி அவரு நெஜமா இருக்காரான்னு பாப்பேன், ரொம்ப சந்தேகமா இருந்தா அவருக்கே மெயில் போட்டு நீங்க இதுல இருக்கீங்களான்னு கேட்டுடுவேன், ஒரு தடவை ஒரு பேராசிரியர் "என் பேரு அதுல இருக்கா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. அப்புறம் பழைய இஷ்யூ ஒண்ணை எடுத்து உக்காந்து ரெண்டு கட்டுரை முழுசா படிப்பேன். ஒரே இஷ்யூல சங்க இலக்கியமும் கான்கிரீட் ஸ்ட்ரெங்த்தும் சர்க்கரை நோயும் இருந்தா மூடி வச்சிடுவேன்.

அடுத்து எனக்கு ரோஷம் வந்து ஒரு பெரிய வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பினேன். மூணு நாள்ல திரும்பி வந்துடுச்சு, ரிவ்யூவுக்கே போகல, எடிட்டர் மேஜையிலயே ரிஜெக்ட், எங்க வாசகர்களுக்கு இது ரொம்ப உள்ளூர் விஷயம்னு. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல.

உருப்படியான வழி கிடைச்சது பாண்டிச்சேரியில. காலேஜ் லீவு விட்டப்ப கடலூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பஸ் ஏறி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் லைப்ரரிக்குப் போவேன், அதான் 1955-லேர்ந்து செயின்ட் லூயி தெருவுல இருக்கே, கடற்கரை ரோட்டுக்குப் பக்கத்துல. அங்க உக்காந்து நான் என் தீசிஸ்ல மேற்கோள் காட்டியிருக்கிற கட்டுரையெல்லாம் எந்தெந்த ஜர்னல்ல வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதினேன், எழுதி முடிச்சுப் பாத்தா ஒரே பேரு ஏழு தடவை வந்திருக்கு. தென்னிந்தியா சம்பந்தப்பட்ட பொருளாதாரம், சமூகவியல், வரலாறு போடற ஒரு சின்ன பத்திரிகை, வருஷத்துக்கு ரெண்டு இஷ்யூ, காசு வாங்கறதில்ல. பேரு வேணாம், விளம்பரம் மாதிரி ஆயிடும். நாம யாரைப் படிச்சு எழுதறோமோ அவங்க எங்க எழுதறாங்களோ அங்கதான் நாமளும் போகணும்ங்கிறது அவ்ளோ நாளா மண்டையில ஏறல பாருங்க.

2019 பிப்ரவரியில அனுப்பினேன், மறுநாளே திரும்பி வந்துச்சு. ரிஜெக்ட் இல்ல. அந்த ஜர்னல்ல எழுதினவர் யாருன்னு ரிவ்யூவருக்குத் தெரியக்கூடாது, ரிவ்யூவர் யாருன்னு எழுதினவருக்கும் தெரியக்கூடாது, டபுள் பிளைண்டுன்னு சொல்வாங்க. நான் முதல் பக்கத்துல பேரை எடுத்துட்டேன், ஆனா ஃபைல் பேரே என் பேரு, வேர்டு ஃபைலோட ப்ராப்பர்ட்டீஸ்ல ஆத்தர்னு என் வீட்டுக்காரரு பேரு, ஏன்னா லேப்டாப் அவரோடது, உள்ள "நான் ஏற்கனவே எழுதியபடி"ன்னு என் பழைய கட்டுரைக்கே மேற்கோள், கடைசியில கைடு சாருக்கு நன்றி. மூஞ்சியை மறைச்சுட்டு ஐடி கார்டை கழுத்துல மாட்டிட்டுப் போன கதைதான். இதெல்லாம் அனுப்பறதுக்கு முன்னாடி பத்து நிமிஷ வேலை. தலைப்பையும் மாத்தச் சொன்னாரு எடிட்டர், நான் வச்சிருந்தது "முந்திரித் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை – ஒரு ஆய்வு", நம்ம ஊர்ல ஒரு ஆய்வுன்னு முடியாத தலைப்பு எது சொல்லுங்க.

அப்புறம் ஏழு மாசம் சத்தமே இல்ல. நடுவுல ஒரு தடவை பயந்து பயந்து மெயில் போட்டேன், ஒரு ரிவ்யூவர் இன்னும் அனுப்பலைன்னு மரியாதையா பதில் வந்துச்சு. இந்த வேலைக்கு ரிவ்யூவருங்களுக்கு யாரும் காசு தர்றதில்லை, அவங்க கிளாஸ் எடுத்து பேப்பர் திருத்தி வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு ராத்திரி உக்காந்து படிக்கணும், இது அப்ப எனக்குத் தோணல, திட்டிக்கிட்டே இருந்தேன்.

செப்டம்பர்ல வந்துச்சு. மேஜர் ரிவிஷன், அதாவது நிறைய மாத்தி எழுதி திரும்ப அனுப்பணும். ரெண்டு ரிவ்யூவர், மொத்தம் நாலரை பக்கம். முதல் பத்தி படிச்சுட்டு ஃபோனை மூடிட்டேன். சாயங்காலம் சில்வர் பீச்சுல உக்காந்து சுண்டல் தின்னுக்கிட்டே வீட்டுக்காரர்கிட்ட இவனுங்களுக்கு பண்ருட்டி எங்க இருக்குன்னாவது தெரியுமான்னு புலம்பினேன். பத்து நாள் அந்த மெயிலைத் திறக்கவே இல்ல. இதுவும் ஒரு வழிமுறைன்னே சொல்வேன், கோவத்துல பதில் எழுதாதீங்க, பத்து நாள் ஊறட்டும்.

பத்து நாள் கழிச்சுத் திறந்தா, பண்ருட்டி எங்க இருக்குன்னு என்னை விட அவங்களுக்கு நல்லா தெரிஞ்சிருக்கு. ஒரு டேபிள்ல 1991 சென்சஸையும் 2001 சென்சஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கடலூர் மாவட்டத்துல பொம்பளைங்க வேலைக்குப் போறது இவ்ளோ மாறிடுச்சுன்னு எழுதியிருந்தேன். முதல் ரிவ்யூவர் ஒரே வரி: 1991-ல கடலூர் மாவட்டம் ஏது? தென்னாற்காடு 1993 செப்டம்பர்லதான் விழுப்புரம், கடலூர்னு ரெண்டா பிரிஞ்சுது, நீங்க ஒப்பிடறது வேற வேற நிலப்பரப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க அப்பா ரேஷன் கார்டுல தென்னாற்காடுன்னு இருந்ததைப் பாத்து வளர்ந்தவ நானு. அப்புறம் 1991-க்கு தாலுகா வாரியா எடுத்து திரும்பக் கூட்டி, பாதி டேபிள் காலி.

இன்னொண்ணு தானே புயல். முந்திரி மரமெல்லாம் வேரோட சாஞ்சதை நானே பாத்திருக்கேன், அதனால 2011-ஐ புயல் வருஷம்னு போட்டு அந்த வருஷ விளைச்சலையே பாதிப்புன்னு காட்டிட்டேன். அதே ரிவ்யூவர் கேக்கறாரு, புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, முந்திரி அறுவடை மார்ச்லேர்ந்து மே வரைக்கும், அப்ப 2011 விளைச்சல் வீட்டுக்கு வந்து ஏழு மாசம் கழிச்சுதானே புயல் அடிச்சுது? ஆமா இல்ல? 2011 புயலுக்கு முந்தின வருஷம், பாதிப்பு 2012-லேர்ந்துதான் தெரியணும். இதை லண்டன்ல உக்காந்து ஒருத்தர் கேட்டிருக்க முடியாது, அந்த மண்ணைப் பத்தி படிக்கிற ஆளாலதான் கேக்க முடியும். என் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேணா தெரிஞ்சிருக்கும், ஆனா அவரு என் கட்டுரையைப் படிக்கப் போறதில்லை.

ஆனா என்னை ஆட்டி வச்சது ரெண்டாவது ரிவ்யூவர்தான். பக்கம் பக்கமா எழுதிட்டு கடைசியில ஒரு கேள்வி. கூலி ஒரு கிலோ பருப்புக்கு இவ்ளோன்னு எழுதியிருக்கீங்க, பருப்பை எப்ப எடை போடறாங்க? உடைச்ச அன்னைக்கேவா, மறுநாள் காலையிலயா?

நான் ஒரு வருஷம் அந்த ஊருக்குப் போயிருக்கேன், 38 பேர்கிட்ட கேள்வித்தாள் வச்சு கேட்டிருக்கேன், வயசு கேட்டேன், படிப்பு கேட்டேன், கடன் கேட்டேன், இதைக் கேக்கல. வேற வழியில்லாம ஒரு சனிக்கிழமை நெல்லிக்குப்பம் வழியா பஸ் பிடிச்சு திரும்பப் போனேன். எனக்கு ரொம்பப் பழக்கமான ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில வழக்கம்போல நாலு பேரு உக்காந்து கட்டையால உடைச்சுக்கிட்டு இருந்தாங்க, கொட்டைத் தோல்ல இருக்கிற எண்ணெய் பட்டு கை பொத்துப் போகாம இருக்க பக்கத்துலயே ஒரு தட்டுல அடுப்புச் சாம்பல், அதுல கையைத் தொட்டுத் தொட்டு உடைக்கிறது. கேட்டேன். அக்கா சிரிச்சுட்டு, "இப்பதான் டீச்சர் கேக்க வேண்டியதைக் கேட்டிருக்க"ன்னாங்க.

விஷயம் என்னன்னா, உடைச்ச உடனே பருப்புல ஈரம் இருக்கும். அன்னைக்கு சாயங்காலமே கொண்டு போயி போட்டா எடை நிக்கும். புள்ளைங்களுக்கு சோறாக்கணும், மாட்டைப் பிடிச்சுக் கட்டணும்னு இருக்கிறவங்க ராத்திரி வரைக்கும் உடைச்சுட்டு மறுநாள் காலையிலதான் கொண்டு போவாங்க, அதுக்குள்ள பருப்பு காஞ்சு எடை எறங்கிடும். அதே கொட்டை, அதே உழைப்பு, காசு கம்மி. அதனால ராத்திரி பருப்பு மேல ஈரத்துணியைப் போட்டு மூடி வைப்பாங்களாம். அது யாவாரிக்கும் தெரியும், அவரு ஒரு பருப்பை எடுத்து முன்பல்லுல கடிச்சுப் பாப்பாரு, நறுக்குன்னு உடையாம மெத்துன்னு இருந்தா தராசுல இருக்கிறதுலேர்ந்து ஒரு கை அள்ளி தனியா வச்சுட்டு மீதியைத்தான் எழுதுவாரு. அந்த ஒரு கை எவ்ளோன்னு எந்தக் கணக்குலயும் கிடையாது. என் கட்டுரையில 'கிலோவுக்கு கூலி'ன்னு ஒரே நம்பர். அந்த நம்பருக்குள்ள இவ்ளோ சண்டை நடந்துகிட்டு இருந்திருக்கு. திரும்ப நாலு வாரம் போனேன், கட்டுரையோட மையமே அதுதான்னு ஆயிடுச்சு.

பதில் எழுதறதைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், இது யாரும் சொல்லித் தர்றதில்லை. ஒரு டேபிள் போட்டு முதல் கட்டத்துல அவங்க சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம ஒட்டி, அடுத்ததுல நான் என்ன பண்ணினேன், மூணாவதுல எந்தப் பக்கம் எந்தப் பத்தின்னு எழுதிடுங்க. முப்பது கமென்ட் இருந்தா முப்பதுக்கும். எழுத்துப்பிழை சொல்லியிருந்தாக்கூட 'திருத்திட்டேன்'னு ஒரு வார்த்தை. ரிவ்யூவர் ஆறு மாசம் முன்னாடி படிச்சதை மறந்திருப்பாரு, அவரைத் தேட விடக்கூடாது. அதுக்காக எல்லாத்துக்கும் தலையாட்டணும்னு இல்ல. முதல் ரிவ்யூவர் ரிக்ரெஷன்னு ஒரு புள்ளியியல் கணக்கு போடச் சொன்னாரு, 38 பேரை வச்சுக்கிட்டு ரிக்ரெஷன் போட்டா வர்ற நம்பருக்கு அர்த்தம் இருக்காது, அது மட்டும் இல்ல, இவங்களை நான் பழக்கத்துல தேடிப் பிடிச்சது, குலுக்கல்ல எடுக்கல, அதனால போடலன்னு காரணத்தோட அஞ்சு வரி எழுதினேன். பயமாத்தான் இருந்துச்சு. எடிட்டர் ஒத்துக்கிட்டாரு. முடியாதுன்னு சொல்லலாம், ஏன் முடியாதுன்னு சொல்லிட்டா போதும்.

2020 ஜூன்ல, லாக்டவுன் நடுவுல, அக்செப்ட் ஆச்சு. ப்ரூஃப், அதாவது அச்சுக்குப் போறதுக்கு முந்தின பிரதி, பாக்க 72 மணி நேரம் கொடுத்தாங்க. இதை லேசா எடுத்துக்காதீங்க, எனக்கு ஒரு டேபிள்ல நெடுக்கு வரிசை ஒண்ணு நகர்ந்து அறுவது வயசுக்காரங்க கூலியெல்லாம் இருபது வயசுக்காரங்களுக்குப் போயிருந்துச்சு. டிசம்பர் இஷ்யூல வந்துச்சு. ஆக ரெண்டு நாள்ல வந்தது ஒண்ணு, ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்ல வந்தது ஒண்ணு, முதல்லதை நான் பயோடேட்டாவுல போடறதில்லை.

இப்ப நிலைமை மாறிடுச்சு. 2022 நவம்பர்ல வந்த யுஜிசி விதியில தீசிஸுக்கு முன்னாடி கட்டுரை கட்டாயம்ங்கிறது போயிடுச்சு, ஆனாலும் பல யுனிவர்சிட்டி தன் பங்குக்கு கேக்குது, உங்க ஆபீஸ்ல எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. 2025 பிப்ரவரியில, அந்தப் பழைய ஜர்னல் லிஸ்டுக்குப் பதிலா யுஜிசி வச்சிருந்த கேர் லிஸ்டையும் நிறுத்திட்டாங்க, ஜர்னலைத் தேர்ந்தெடுக்கிறது காலேஜ் பொறுப்புன்னு. லிஸ்ட் இல்லைன்னதும் அந்த ராத்திரி 11 மணி மெயிலெல்லாம் திரும்ப வர ஆரம்பிச்சிருக்கு, நேத்துகூட ஒண்ணு வந்துச்சு, இப்ப 4,000 ரூபா.

ஊரு பேரு ஏன் சொல்லலன்னு சொல்றேன்னேன். ரெண்டாவது ரிவ்யூவர் இன்னொண்ணும் எழுதியிருந்தாரு, ஊருக்குப் புனைபேர் வச்சுட்டு, எத்தனை கிலோமீட்டர், எந்தக் கோயில், எத்தனை யாவாரின்னு எழுதியிருக்கீங்க, அங்க இருக்கிற யாரும் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு. ரொம்ப அலட்டிக்கிறாருன்னு நெனைச்சேன், இருந்தாலும் கட்டுரையிலேர்ந்து எடுத்துட்டேன். அப்புறம் கட்டுரை இங்கிலீஷ்ல இருக்கே, அவங்க கதையை அவங்க படிக்க வேணாமான்னு நல்ல எண்ணத்துல தமிழ்ல ரெண்டு பக்கம் சுருக்கமா எழுதி ஜெராக்ஸ் எடுத்து அந்தத் திண்ணையில கொடுத்துட்டு வந்தேன். ரிவ்யூவர் எடுக்கச் சொன்னதெல்லாம் அதுல இருந்துச்சு. ஈரத்துணியும், முன்பல்லுல கடிக்கிறதும்.

ரெண்டு பக்கம் கை மாறி கை மாறி யாவாரி வீட்டுக்கே போயிடுச்சு. அவரு என்னை ஒரு வார்த்தை கேக்கல. அந்த அக்காவுக்கு மட்டும் மூணு வாரம் மூட்டை போடல, இந்த வாரம் கொட்டை வரலன்னு சொல்லியே. அதே வாரம் பக்கத்து வீட்டுக்கு மூட்டை எறங்கினதை அக்கா திண்ணையிலேர்ந்து பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்குத் தெரியவே இல்ல, நாலு மாசம் கழிச்சு அவங்க மருமகதான் சொன்னா.

போன பொங்கலுக்கு கரும்பு கொண்டு போயி கொடுத்துட்டு வந்தேன். காபி போட்டுக் கொடுத்தாங்க, பேரன் படிப்பைப் பத்தி கேட்டாங்க, எல்லாம் பழைய மாதிரிதான். கிளம்பறப்ப பழக்கதோஷத்துல எதையோ குறிச்சுக்கலாம்னு பையிலேர்ந்து நோட்டை எடுத்தேன். "அதை உள்ள வையி டீச்சர்"ன்னாங்க.